முத்திரை இல்லாத இரண்டு கிராம்

அரியலூர்,
புதன்கிழமை, காலை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் அரங்கநாதன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் ஆர்த்தியும் நலமாக இருக்க வேண்டும். புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த ரெக்கார்டு ப்ளேயர் மட்டும் நலமில்லை.

ஏன் போன் பண்ணவில்லை என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பக்கத்திலிருக்கும் ஆர்த்தி காதில் விழும். வாட்ஸ்அப்பில் போட்டால் போன தடவை என் மூலவியாதி ரிப்போர்ட் போன மாதிரி நேராகக் குடும்பக் குரூப்புக்குப் போய்விடும். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியர். படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நானும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வீடு மாறும்வரை இங்கே இருக்கட்டும் என்று தை மாதம் ப்ளேயரையும் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தீர்கள். கூடவே ஒரு சீட்டு: "முள்ளின் பாரம் இரண்டு கிராம். பக்கத்துத் திருகும் இரண்டில் இருக்க வேண்டும். மாமா, இவற்றைத் தொட வேண்டாம்." நானும் நாலு மாதம் தொடவில்லை. ஆனால் நம் தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் வீடே அதிர்ந்து முள் துள்ளுகிறது, ஒரு பாட்டும் முழுசாக முடிவதில்லை. பாரம் போதவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முள்ளைத் தாங்கும் கையின் பின்னாலிருக்கும் எடைக்கட்டியில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் முத்திரை எங்கே? தராசுக்கும் படிக்கும் முத்திரை வைக்கும் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். முத்திரை இல்லாத அளவை எப்படி நம்புவது? சும்மா சரிபார்க்கலாம் என்று எண் போட்ட வளையத்தை ஒரு விரலால் தள்ளினேன். மாப்பிள்ளை, எண் மட்டும் தனியாகச் சுற்றியது. கட்டி அசையவே இல்லை. எடை அப்படியே இருக்க எண் மட்டும் இரண்டு, மூன்று, ஒன்று என்று கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறது. என் சர்வீஸில் எத்தனையோ களவாணித் தராசைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு துணிச்சலான ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த அதிர்ச்சியில் வளையத்தை இப்படியும் கட்டியை அப்படியும் எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியவில்லை. கடைசியில் எண்ணை மட்டும் பழையபடி இரண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக எழுந்துவிட்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேப்பந்தட்டையிலிருந்து உங்கள் அம்மா போன் பண்ணினார்கள். "அண்ணே, வெள்ளிக்கிழமை வரேங்க. நான் பாடின தட்டை ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு இருக்கு" என்றார்கள். பதினேழு வயதில் கும்மிக் குழுவோடு அவர்கள் பாடிய பாட்டு, உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஒரே தட்டு, அதுவும் என் பொறுப்பில். மற்ற தட்டுகளைப் போட்டோமே தவிர அதை நாங்கள் உறையை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. நிஜமான பாரம் எவ்வளவு என்று தெரியாமல் அதன்மேல் முள்ளை இறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அரியலூரில் கிராமுக்குக் கீழே நிறுக்கும் தராசு நகைக்கடையில்தான் இருக்கிறது. ப்ளேயரை வேட்டியில் சுற்றி, உங்கள் அத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, டூவீலரில் போனோம். வழியில் மூன்று பேர் கிரைண்டர் ரிப்பேரா என்று விசாரித்தார்கள். கடைக்காரர் அய்யம்பெருமாள் என் பழைய நண்பர் என்று சொல்ல முடியாது. குறை கண்டுபிடித்து அவர் தராசுக்கு நான் இரண்டு தடவை சீல் வைத்திருக்கிறேன். மனிதர் உள்ளங்கை அகலத் தராசு ஒன்றை ப்ளேயரில் தட்டு வைக்கும் இடத்தில் வைத்து, முள்ளை அதன்மேல் இறக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நாலு புள்ளி ஆறு."

எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.

"எழுதியிருக்கிறது ரெண்டு, நிக்கிறது நாலு புள்ளி ஆறு" என்றார் அய்யம்பெருமாள். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "சார், நீங்க இன்னும் சர்வீஸ்ல இருந்தா உங்க மேல நீங்களே கேஸ் போட்டிருப்பீங்க. டீ சாப்புடுறீங்களா?"

டீயையும் அவமானத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டு, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருகி இரண்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போது உங்கள் அத்தை, "சரியா ரெண்டா வச்சா எப்பிடிங்க? வாங்குறவங்க பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்கணும்னு நீங்கதான சொல்வீங்க" என்றாள். நியாயமான பேச்சுதானே. புள்ளி மூன்று கொசுறு போட்டேன். அடுத்து அந்தப் பக்கத்துத் திருகு. வெறும் தராசு ஒரு பக்கமாக இழுத்தால் அது குற்றம், அதை இரண்டில் வைப்பானேன் என்று என் அறிவுக்கு எட்டியபடி பூஜ்யத்தில் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஒரு பக்கம் பாட்டே இல்லாமல் வழவழவென்று இருக்கும் தட்டு ஒன்று உங்கள் அடுக்கில் இருந்ததே, அதில் முள்ளை வைத்துப் பார்த்தேன். யாரும் தொடாமலே முள்ளோடு கை சர்ரென்று நடுமையத்துக்கு ஓடியது. உங்கள் அத்தை விபூதி எடுக்கப் போய்விட்டாள். பிறகு மொபைலில் ஒரு வீடியோ பார்த்துத்தான் புரிந்தது: சுற்றுகிற தட்டு முள்ளை எப்போதும் உள்ளே இழுக்குமாம், அந்த இழுப்பை வெளிப்பக்கம் பிடித்து நிறுத்தத்தான் அந்தத் திருகாம். அறுபத்து நாலு வயதில் எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று விதி. உடனே கொசுறை எடுத்துவிட்டு இரண்டையும் இரண்டில் வைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க நேற்று சாயங்காலம் அம்மாவின் தட்டைப் போட்டேன். முதல் இரண்டு அடி, கண் கலங்கிவிட்டது, அப்படி ஒரு குரல். மூன்றாவது அடியில் "சோளக் கொல்லையில காவலிருந்தேன்" என்று வந்தது. பிறகு "காவலிருந்தேன்". மறுபடியும் "காவலிருந்தேன்". உங்கள் அத்தை ஓடிவந்து முள்ளைத் தூக்கும்வரை சம்பந்தியம்மா பத்தொன்பது தடவை காவலிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தட்டில் குறுக்கே ஒரு கீறல். நான்தான் கெடுத்தேன் மாப்பிள்ளை. எப்போது, எப்படிக் கெடுத்தேன் என்று தெரியவில்லை, ஆனால் தொடாதே என்று எழுதிக் கொடுத்தும் தொட்டவன் நான் ஒருவன்தான். வேறு எவனைச் சொல்ல? ராத்திரி சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? வயதில் பெரியவன், உங்கள் காலில் விழக்கூடாது என்று இருப்பதால் இந்தக் காகிதத்தில் விழுகிறேன். மன்னித்துவிடுங்கள். என் மேலுள்ள கோபதாபத்தை எல்லாம் ஆர்த்தி மேல் காட்டிவிடாதீர்கள். இனி உங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்சைக்கூடக் கேட்காமல் போட மாட்டேன்.

ஆர்த்திக்கு எங்கள் ஆசி. இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, இந்தக் கிழவனைச் சபிக்காமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
சி. அரங்கநாதன்
(ஓய்வு)

பின்குறிப்பு: வியாழன், மதியம். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அம்மா ஒரு நாள் முன்னாடியே பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தட்டைப் போட்டுவிட்டு நான் அடுக்களைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். மூன்றாவது அடி வந்தது, முள் மாட்டிக்கொண்டது. உங்கள் அம்மா கொஞ்சம்கூடப் பதறவில்லை. "தீபாவளிக்கு பெங்களூரு போயிருந்தப்பவும் இந்த எடத்துலதாங்கண்ணே மாட்டுச்சு. உங்க மாப்பிள்ளதான் கை தவறி சாவியால கீறிட்டான். உங்ககிட்ட சொல்லலியா? 'மாமா வூட்ல வச்சுட்டு, தொடாதீங்கன்னு எழுதி வச்சா போதும்மா, அவரு தொடாம இருக்க மாட்டாரு. அப்புறம் பழியையும் அவரே ஏத்துக்குவாரு, ஆர்த்தி என்னைய ஏச மாட்டா'ன்னு சிரிச்சான்" என்றார்கள். நான் மறுபடியும் ஸ்டூல் தேடினேன்.

பிறகு அவர்களே முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, எழுந்து நின்று, விட்டுப்போன அடியிலிருந்து கடைசிவரை பாடினார்கள். உங்கள் அத்தை சுற்றி வந்து கும்மி கொட்டினாள். லாரி போனது, ஒருவரும் நிறுத்தவில்லை.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். கடிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புவது, மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று உங்களுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்பதற்காகத்தான். உங்களுடையது இதைவிட ஒரு பக்கமாவது கூடுதலாக இருக்கட்டும். ஆர்த்திக்கு ஒரு நகலை நானே அனுப்பிவிட்டேன்.