எலோடியா வீட்டுப் பாலனும் என் மாடி அறையும்

எல் மாங்லே,
ஜனவரி 30

உடன்பிறப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மனுஷியான ஹில்டா அக்காவுக்கும், அவளைப் பொறுத்துக்கொண்டு வாழும் கிளிஃபர்ட் அத்தானுக்கும், தம்பி ஆர்லோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

அங்கே சஸ்காட்சுவானில் பனி ஜன்னல் வரை ஏறியிருக்கும், அத்தானுக்கு முழங்கால் வலிக்கும், நீ அதை நம்பமாட்டாய். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும். நானும் நலமே என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. ஆகவே முதலில் விஷயம். மாடி அறையைக் காலி செய்து வை. நான் வருகிறேன். ஒன்பது வருஷமாக "வந்துவிடு, வந்துவிடு" என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் கடலைக் காரணம் காட்டினேன். இப்போது ஒரேயடியாக வருகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுநடுவே பேசுவாய். நாளை அங்கே விமானமேறும் என் சீட்டாட்டத் தோழி மார்ஜோரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்குத்தான் விமானம் ஆகாதே. பேருந்து மாறி மாறி நான் வந்து சேருவதற்குள் கடிதம் உன் கையில் இருக்கும்.

காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் ஒரு குழந்தையின் காலை உடைத்துவிட்டேன். பதறாதே, மரக் குழந்தைதான். ஆனால் "மரக் குழந்தைதானே" என்று இந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பார், உனக்குச் சுண்டைக்காய் அளவு மீன்கூட விற்கமாட்டார்கள்.

எல்லாம் அந்த ரொட்டியால் வந்த வினை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு இங்கே வளையம் வளையமாகச் சுடுவார்களே, உனக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொம்மை ஒளிந்திருக்கும், அது யார் துண்டில் வருகிறதோ அவன் தொலைந்தான். பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாளன்று ஊருக்கே தமால், அதாவது மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை, அவித்துப் போட வேண்டும், அதோடு ரொட்டி வெட்டிய வீட்டின் பாலன் யேசு சிலைக்கு ஞானத்தகப்பனாகிப் புதுத் துணி உடுத்திக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதனால் அன்றைக்கு ஊரே ரொட்டியை நூல் மாதிரி மெல்லிசாக அறுக்கும். வடக்கேயிருந்து வந்து தங்கிய நாங்கள் சூரியன் மறைவதைப் பார்க்கப் போகிறோம் என்று மத்தியானமே நழுவிவிடுவோம். ஒன்பது வருஷம் அப்படித் தப்பியவன், இந்த வருஷம் எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் தோன்யா எலோடியா கையாலேயே வெட்டிக் கொடுத்தபோது மறுக்க முடியவில்லை. கடித்தேன். பல்லில் நறுக்கென்றது. புரிந்துவிட்டது. முகம் மாறாமல் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

"என்ன தோன் ஆர்லோ, கன்னம் வீங்கியிருக்கு? பல் வலியா?" என்றாள் எலோடியா.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து வீட்டுப் படகுக்காரன் செல்சோ இருக்கிறானே, நல்லவன்தான், ஆனால் கை உலக்கை. "தொண்டையில அடைச்சிருக்கு போல!" என்று முதுகில் ஒன்று வைத்தான் பார். பொம்மை பறந்து போய் எலோடியாவின் காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. கையும் களவுமாக என்று சொல்வார்களே, வாயும் களவுமாக மாட்டியவன் நான் ஒருவன்தான். ஊரே கை தட்டியது. எலோடியா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் அழுததில் அர்த்தம் உண்டு, அக்கா. அவளுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பாலன் அவள் கொள்ளுப்பாட்டி கோவேறு கழுதையில் மலை தாண்டிக் கொண்டுவந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் நீளம், கண்ணாடிக் கண், நிஜ முடியில் இமை. "என் பையன்" என்றுதான் சொல்லுவாள். போன மழைக்காலத்தில் எனக்குக் கொசுக் காய்ச்சல் வந்து எலும்பெல்லாம் நொறுங்கிக் கிடந்தபோது மீன் கஞ்சி காய்ச்சி ஊட்டினவள் அவள். அப்படிப்பட்டவள் தன் பையனைப் போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்து, "குப்புறப் போடாதீங்க. விளக்கு எரியட்டும், இருட்டுன்னா பயந்துக்குவான்" என்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் வீடு சேர்த்தவன் நான். ஒரு மரப்பிள்ளையை நாலு வாரம் பார்த்துக்கொள்ள முடியாதா என்று நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க இந்த நினைப்பு ஒன்று போதாதா?

முதலில் பாலனைக் குளிர்பெட்டி மேல் வைத்தேன், என் நாய் தம்போருக்கு எட்டக்கூடாதென்று. அன்றைக்குப் பார்த்து மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, குளிர்பெட்டிக்கு நேர் மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. பாலனைத் தூக்கிக்கொண்டு குழாயை மூடப் படியேறினால் கேஸ் வண்டிக்காரன் வாசலில் மணியடிக்கிறான், அவனை விட்டால் அடுத்த வாரம்தான், கதவைத் திறந்தால் தம்போர் அவன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒரு கையில் நாய், ஒரு கையில் பாலன், தலை மேல் தண்ணீர். நான் என்ன செய்வேன்? கைக்கு எட்டிய பாதுகாப்பான இடம் துணிக்கூடை. மெத்தென்று இருக்குமே என்று பாலனை அதில் படுக்கவைத்து ஒரு துண்டை மூடினேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் சாபினா பின்வாசல் வழியாக வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெளுத்துத் தருவாள். கேஸ்காரன் போன பிறகு பார்க்கிறேன், கூடையும் இல்லை, பாலனும் இல்லை. 

ஓடினேன். சாபினா வீட்டுக் கொல்லையில் கொடியில், என் உள்ளாடைகள் இரண்டுக்கு நடுவே, சட்டைத் தோளில் கிளிப்பு மாட்டித் தொங்குகிறான் பாலன். காற்றில் ஆடுகிறான். கன்னத்துச் சிவப்பு கரைந்து போயிருக்கிறது. இடது பாதம் இல்லை.

"தோன் ஆர்லோ, ஊற வெச்ச பிறகுதான் பாத்தேன்! சோப்புப் போட்டுட்டேன், ஆண்டவரே, அவருக்கே சோப்புப் போட்டுட்டேன்!" என்று சாபினா தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். துவைக்கும்போது உடைந்து விழுந்த பாதம் என் பின்னாலேயே ஓடிவந்த தம்போர் வாயில் இருந்தது. ஒரு வறுத்த மீன் தலை கொடுத்துத்தான் மீட்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சாபினா சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் பாலனையும் பாதத்தையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். சந்தையில் பாலன்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. பேருந்தில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். "எத்தனை மாசம்? ரொம்ப அமைதியா இருக்கானே" என்றாள். போர்வையை விலக்கிக் காட்டினேன். "அட, பாதம் எங்க?" என்றாள். "பையில" என்றேன். அவள் வழிநெடுக எனக்காக ஜெபம் செய்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் என்னைப் போல முகம் வெளிறிய ஞானத்தகப்பன்கள் வரிசை, ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு நோயாளி. வைத்தியர் நிமிர்ந்து பார்க்காமல், "திருநாளுக்கப்புறம் வாங்க" என்றார். துணிக்கடையில் நீள அங்கி எல்லாம் தீர்ந்துவிட்டது. பாக்கியிருந்தது கால்பந்தாட்டக்காரர் உடுப்பு, அரைக்கால் சட்டையோடு. மறைக்க வேண்டியதே கால்தான் அக்கா!

திரும்பி வந்து செல்சோவிடம் படகு ஓட்டை அடைக்கும் பசை கேட்டேன். எதற்கு என்று கேட்டான். நாற்காலிக்கு என்றேன். "கலந்ததும் சட்டுனு ஒட்டிரணும் கொம்பாத்ரே, கல்லாயிடும்" என்று ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தான், கொம்பாத்ரே என்றால் இங்கே கூட்டாளி. சாப்பாட்டு மேஜையில் எல்லாம் தயார். பசை தடவி, பாதத்தை வைத்து, கண்ணை மூடி அழுத்திப் பிடித்தேன், அந்த நேரம் பார்த்து மின்சாரம் போக, ஜன்னலோரச் சேவல் கத்த, கண்ணைத் திறந்து பாலனைப் புரட்டிப் பார்த்தால் அவன் வலது பாதம் என்னைப் பார்க்கிறது. இடது பாதம் பின்பக்கம் பார்க்கிறது. இழுத்தேன், திருகினேன், உளி கொண்டுவந்தேன், உளியைத் திரும்ப வைத்தேன். செல்சோவின் பசை புயலுக்கே விடாது. பிள்ளையார் பிடிக்கப் போனவன் கதைதான் என் கதையும்.

இப்போது சொல்லப்போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டரை, இந்த ஊரில் அதைப் போடுவதைவிட அடுப்புக்குள் உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் போடவில்லை என்றாலும், மடித்து வைத்து அழகு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் ஒரு கையை வெட்டிவிட்டேன். பாலனுக்கு மாட்டினேன், அளவெடுத்த மாதிரி கழுத்திலிருந்து பாதம் தாண்டி வந்துவிட்டது. அடியைக் காலணிக் கயிற்றால் கட்டினேன். நீ அதில் பின்னிய வெள்ளைப் பனிப்பூக்களோடு பாலன் சமர்த்தாக இருக்கிறான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டு, நேற்று சீட்டாட்டத்தில் மார்ஜோரியிடம் மெதுவாகச் சொன்னால், அவள் சொல்கிறாள்: "அதெல்லாம் சரி, கோயில்ல எல்லாரும் வரிசையா வந்து பாலன் பாதத்தை முத்தம் பண்ணுவாங்களே, அப்ப என்ன செய்வே?"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் அடுத்தவன் காலையல்லவா விட்டேன்! "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்திரு" என்றாள் மார்ஜோரி. எலோடியாவிடம் போய், உன் பையனுக்குப் பதில் வேறு பையன் என்று சொல்ல எனக்கு நாக்கு இல்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. தினமும் காலையில் கம்பி வேலிக்கு மேலே, "பையன் தூங்கினானா?" என்று கேட்கிறாள். "தூங்கினான்" என்கிறேன். நான்தான் தூங்கவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்ப்பதைவிட உன் மாடி அறையில் உறைந்து சாகலாம். தமாலுக்கு மாவும் கோழியும் வாங்கி செல்சோவின் மனைவியிடம் சேர்த்துவிட்டேன். திருநாளுக்கு முந்தின மத்தியானம், எலோடியா சந்தைக்குப் போகும் நேரத்தில், பாலனை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அவர் நடிக்கவில்லை. உங்கள் வீட்டில் எப்போதும் அடுப்பு எரியவும், வாசற்படி வழுக்காமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அபாக்கியத் தம்பி,
ஆர்லோ

பின்குறிப்பு (பிப்ரவரி 3): அறையைக் காலி செய்யாதே. மேலே படித்ததுமே செய்திருந்தால் சாமான்களைத் திரும்ப ஏற்றிவிடு. மார்ஜோரி வண்டி அச்சு முறிந்து விமானத்தைத் தவறவிட்டு இன்றைக்குத்தான் போகிறாள், அதனால் கடிதத்தைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன்.

சொன்னபடியே பெட்டியோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். பேருந்து வரவில்லை, செல்சோ வந்தான். "எங்க கொம்பாத்ரே?" "பல் டாக்டர்கிட்ட." "பல்லுக்கா இவ்வளவு பெரிய பெட்டி?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் பார்த்தால் தெரு முனையில் எலோடியா, கையில் பாலன். சந்தைக்கே போகவில்லை. அந்த நேரம் பேருந்தும் வந்து நின்றது. எலோடியா என் முன்னால் வந்து கயிற்றை அவிழ்த்தாள், ஸ்வெட்டர்க் கையை மேலே சுருட்டினாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"இது எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்" என்றாள். "சாபினா ரகசியமா வந்து சொன்னா. பசைய செல்சோ சொன்னான். எங்க அப்பா இவன் காதை உடைச்சாரு, என் வீட்டுக்காரரு மூக்க உடைச்சாரு, ரெண்டு பேரும் வந்து சொன்னாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு தினம் வேலிகிட்ட நின்னு கேட்டேன், தூங்கினான் தூங்கினான்னீங்க. பாதம் திரும்பினா திரும்பட்டும் தோன் ஆர்லோ. சொல்லாம ஓடற மனுஷனை எந்தப் பசைய வெச்சு ஒட்டறது?"

எனக்கு அழுகைதான் வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏறுறீங்களா இல்லையா? சரி, அந்தப் பாதத்தை நாங்களும் கொஞ்சம் பாக்கறோம்" என்றார். பயணிகள் அத்தனை பேரும் இறங்கி வரிசையாக நின்று முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்கள். என் பெட்டியைச் செல்சோ தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

நேற்றுக் கோயிலிலும் அதே கூட்டம். கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமார் இடது பாதத்தையே தேடி முத்தமிட்டார்கள், போனவன் திரும்பி வர அதுதான் நல்ல பாதமாம். உன் பனிப்பூக்களை அவர்கள் நட்சத்திரமீன் என்கிறார்கள், நான் திருத்தவில்லை. இப்போது பதினொரு வீட்டுப் பாலன்களுக்கு அதே மாதிரி வேண்டுமாம். முழு ஸ்வெட்டர் பின்னாதே, கைகள் மட்டும் போதும். பன்னிரண்டாவதாக என் ஸ்வெட்டருக்கும் ஒன்று. ஞானத்தகப்பன் பதவி மூன்று வருஷத்துக்காம், அதை எலோடியா நேற்றுத்தான் சொன்னாள். கைகளை நீயே கொண்டு வா, அடுத்த மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள். ரொட்டி வெட்டும்போது உன்னைச் செல்சோ பக்கத்தில் உட்காரவைக்கிறேன்.