குதிரைப் படமும் விடுப்புக் கடிதமும்

ஆங்கிலச் சொற்களை இனி விளையாட்டின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் கட்டாயம் மகிழ வேண்டும், தவறினால் ஆசிரியரே பொறுப்பு.

என் மகளின் ஆங்கில டீச்சருக்கு இது புதுசே இல்லை. அந்தம்மா ஏற்கெனவே பட அட்டைகளைத் தரையில் இறைத்துப் பிள்ளைகளை ஓடி எடுக்க விட்டவர்தான். என் மகள் ஒரே மாசத்தில் வீட்டுச் சாமான் ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். ஆனால் டீச்சர் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். பார்வையிட வரும் அதிகாரி நூற்றுக்கு நூறு போட்டால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் விடுவாரா? விளையாட்டில் தப்பு வந்தால் மகிழ்ச்சி குறையுமாம். அதனால் மூன்று வாரம் ஒத்திகை. முதல் அட்டை குடை, இரண்டாவது குதிரை, மூன்றாவது மேஜை. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். வரிசை தெரிந்தால் போதாதா!

அந்த நாளும் வந்தது. பெற்றோர் குழு என்ற பெயரில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அட்டைகளை வாங்கினார், கைதவறிக் கீழே போட்டார், கலைந்ததைப் பொறுக்கி முதல் அட்டையைத் தூக்கினார். குதிரை.

"அம்ப்ரெல்லா!" என்றது வகுப்பு. என் மகள் மட்டும் "ஹார்ஸ்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், அது குதிரைதானே?" என்றேன்.

"குதிரைதான். யார் இல்லைன்னாங்க? ஆனா இதுல மூணே கட்டம்தான் சார் இருக்கு. மகிழ்ச்சி, வேகம், ஒற்றுமை. சரியா தப்பான்னு கட்டமே இல்லை. உங்க பொண்ணால ஒற்றுமை போச்சு."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. தலைமையாசிரியர் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெண் அன்றைக்கு வரவே இல்லை என்று ஒரு விடுப்புக் கடிதம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். பாவம், ஒன்பது வருஷம். காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி கடிதத்தை வகுப்பிலேயே உரக்கப் படித்துவிட்டு நூற்றுக்கு நூறு போட்டார். கை வலிக்கத் தட்டினேன்.

டீச்சருக்கு நிரந்தர ஆணை கிடைத்தது. இப்போது மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். தரையில் இறைக்கிற விளையாட்டு மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்.

"எனக்கு எப்பப்பா காய்ச்சல் வந்துச்சு?"

நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன்.

"சரி விடுப்பா," என்றாள். "இனிமே எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டே சொல்றேன்."

நல்ல பிள்ளை. ஒரு பெரிய அதிகாரியாக வருவாள்.