போணிக்கு முன்னால் ஏற்றிய சிஸ்டம்

தாராவி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

செம்பூரில் இருக்கும் மச்சான் முகம்மது ஹனீப் அவர்களுக்கு, உங்கள் தங்கை நஜ்முன்னிசாவின் வீட்டுக்காரன் நஜிமுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். என் ரத்த அழுத்தத்தைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டிலும் யாவரும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு உங்கள் மகன் தப்ரேஸ் என் கடைக் கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றினார். ஏற்றி முடித்தபோது பழையது ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை வருஷம் நான் தைத்த தோல் பைகளின் டிசைன் போட்டோக்கள், பார்ட்டிகளின் விலாசம், யாருக்கு என்ன ரேட் என்ற விவரம், எல்லாம் போயிற்று. ஆகவே நம் ஜுவைரியாவை அவருக்குக் கொடுப்பது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிற பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், பாதியில் உங்கள் தங்கை போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். கடைக் கம்ப்யூட்டர் பழசு. இனிமேல் உனக்குப் பாதுகாப்பு கிடையாது, புது மெஷின் வாங்கு என்று அதுவே தினம் காலையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டால் அவனும் அதையே சொல்லி ஒரு கொட்டேஷன் கொடுத்தான். அதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நஜ்முன்னிசாதான், "எங்க அண்ணன் மவன் கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான இருக்கான், அவனக் கூப்பிட்டா என்ன?" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு. நான் தோலைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிறவன் இல்லை. மடித்து, நகத்தால் கீறிப் பார்த்துத்தான் வாங்குவேன். மருமகனாக வருகிற பிள்ளையையும் வேலையில் உட்கார வைத்து ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

பையன் வந்தார். சலாம் சொன்னார். பாக்கெட்டிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தார். "இதுல லினக்ஸ் இருக்கு மாமா. பழைய மெஷின்லயும் நல்லா ஓடும். காசு கிடையாது."

"காசு கிடையாதுன்னா யாருக்கு லாபம்?"

"உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து செய்றாங்க மாமா. யாரு வேணாலும் எடுத்துக்கலாம்."

"ரிப்பேர் ஆனா யாரக் கேக்க?"

"யார வேணாலும் கேக்கலாம்."

"யார வேணாலும்னா ஒருத்தனும் இல்லன்னு அர்த்தம் தம்பி. சரி, போடுங்க."

போட்டார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்தார். பிறகு சுவரில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லூசா இருக்கு மாமா, நடுவுல கரண்ட் போனா ஆபத்து. கீழ போய் ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் ஒன்னையும் அமுக்காதீங்க" என்று இறங்கிப் போனார். இதை நான் மறைக்கவில்லை. அமுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் மச்சான், அன்றைக்கு இன்னும் போணி ஆகவில்லை. நீங்கள் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், உங்களுக்கு இது புரியாது. முதல் வியாபாரம் ஆகிறவரைக்கும் என் கடையில் யார் வந்து எது கேட்டாலும் இல்லை என்ற சொல் வரக்கூடாது. இல்லாத சாமானுக்கும் "வருது, உக்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வாயிலேயே இல்லை என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதுதான். இந்த ஒரு விஷயத்தில் நான் சமரசம் செய்துகொண்டதில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கும் முதல் பாடம் இதுதான்.

கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டது. என் கண்ணுக்குத் திரை எழுத்து தெரியாது. என் பில் எழுதுகிற பார்வதியம்மாள், சுனாபட்டியிலிருந்து வருகிற அம்மா, கடை ஆட்களில் தமிழ் சரளமாகப் படிக்கிற ஒரே ஆள், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தது. "பாய், என்னத்தையோ அழிச்சிட்டு ஏத்தட்டுமான்னு கேக்கு."

"தப்ரேஸ் வரட்டும்" என்று கட்டிங் மாஸ்டர் அஸாருதீன் சொன்னான்.

"போணி ஆகாம ஒருத்தரக் காக்க வைக்காத. ஆமான்னு போடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

பார்வதியம்மாள் கையை எடுத்துக்கொண்டது. நானே அமுக்கினேன். மச்சான், நம் தொழிலில் ஆமாம் என்றால் அது முடிவு இல்லை, ஆரம்பம். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் எத்தனை டஜன், என்ன தோல், கடைசி ரேட் என்ன என்று பேச்சே தொடங்கும். நான் நினைத்தது போலவே அது மறுபடி ஒரு தடவை கேட்டது. மாற்றங்களை எழுதிவிடலாமா, பின்னால் போக வேண்டுமா என்று. "பாத்தியா, பார்ட்டி திரும்பி வருது, நிஜமாவே வாங்குற பார்ட்டி" என்று சொல்லி மறுபடியும் அமுக்கினேன். மூன்றாவது தடவை கேட்கும், அப்போது நம் கண்டிஷனைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்கவே இல்லை. இரண்டு வார்த்தையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு போன ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தப்ரேஸ் எக்ஸ்டென்ஷனோடு மேலே வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாமா, அமுக்குனீங்களா?"

"கேட்டுச்சு. சொன்னேன்."

"நான் வந்து முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிளக்கை மாற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இனி வருகிறதுதான் கொடுமை. உள்ளே என் கடை அழிந்துகொண்டிருக்கிறது. மேலே திரையில் நல்வரவு என்று போட்டு வர்ணப் படம் காட்டுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்வதற்காகவாம். இங்கே கோப்புகள், இங்கே இணையம், இங்கே பாட்டு, இங்கே நிழற்படம் என்று ஒவ்வொன்றாக வருகிறது, போகிறது. கல்லாவில் காசு விழுந்த பிறகு சாமானை விரித்துக் காட்டுகிற கடை. அஸாருதீன் மெஷின் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டான். "ஆவோ ரே, பிக்சர் சாலூ ஹை!" படம் ஓடுகிறதாம். கத்திரி நின்றது, தையல் நின்றது, என் கூலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பார்வதியம்மாள் ஒரு படத்தைப் பாதி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். "நில்லு, நில்லு, படிச்சு முடிக்கல" என்று திரையைக் கையால் பிடித்தது. பிடித்தால் நிற்குமா?

அப்போது உங்கள் மகன் செய்ததைச் சொல்ல வேண்டும், அநியாயம் செய்யக்கூடாது. "பரவால்ல அத்தை, அது போகட்டும், நான் நிக்கிறேன்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு பில்லின் பின்பக்கத்தில் திரையை வரைந்து, "பழைய பொத்தான் கீழ இருந்துச்சுல்ல, இப்ப இங்க வந்து குடியேறிட்டு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பார்வதியம்மாள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டது. நாலு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரியே பதில் சொன்னார். என்னால் இரண்டாவது தடவைக்கு மேல் முடியாது, அந்தம்மாவே சொல்லும்.

நடுவில் அது ஊர் கேட்டது. மேப்பில் மும்பையைத் தொட்டால் கொல்கத்தா என்று வருகிறது. "தாராவியில உக்காந்திருக்கேன், கொல்கத்தாவுல எனக்கு என்ன கடையா இருக்கு?" என்றேன். "நேரம் ஒன்னுதான் மாமா" என்றார். அப்புறம் ரகசியச் சொல் கேட்டது. நான் யோசித்து நல்ல சொல்லாக ஒன்றை உரக்கச் சொன்னேன். "மாமா, மெதுவா" என்றார். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். இப்போது காலையில் பார்வதியம்மாள் மறந்துவிட்டால் எதிர்க்கடை மாரிக்கண்ணன் அங்கிருந்தே கத்தி ஞாபகப்படுத்துகிறான்.

அன்றிலிருந்து பையன் ஆபீஸ் முடிந்ததும் தினம் இங்கே வருகிறார். அழிந்ததைத் தோண்டி எடுக்க ஏதோ போட்டு ஓட்டினார். போட்டோக்கள் கொஞ்சம் வந்தன, பெயர் இல்லாமல். ஆபீஸ் பேக், லேடீஸ் பர்ஸ், நடுவில் என் மச்சினன் கல்யாண பிரியாணி அண்டா, மறுபடி ஸ்கூல் பேக். அஸாருதீனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் போடுகிறார்கள். நம் ஜுவைரியா காலேஜ் விட்டு வருகிற வழியில் டீ கொண்டுவருகிறேன் என்று வந்து, அவளும் உட்கார்ந்து பெயர் போடுகிறாள். கடையில் டீக்குக் குறைவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதாயிற்று. "இது வேற டீ வாப்பா" என்றாள்.

நானும் பொறுத்துத்தான் இருந்தேன். இன்று மதியம் புனே பார்ட்டி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த அந்தப் பழுப்பு நிற பை, அதே மாதிரி வேண்டும், காட்டு என்றார். திரையில் தேடு தேடு என்று தேடினோம். வரவில்லை. "ரஹ்னே தோ, சேட்", வேண்டாம் விடுங்கள் என்று எழுந்து போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அலுத்துப்போயிற்று மச்சான். அமுக்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் அமுக்கினாலும், அந்தப் பையன் படியேறி வருகிறபோதெல்லாம் எனக்கு அந்த நல்வரவுப் படம்தான் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு மருமகனாக வந்தால் பெருநாளைக்கும் அதுதான் ஞாபகம் வரும். இந்த மனசோடு பெண்ணைக் கொடுக்கக்கூடாது. அதனால் பேச்சை நிறுத்திக்கொள்வோம். உறவு உறவாக இருக்கட்டும். நஜ்முன்னிசா கேட்டால் நீங்களே ஏதாவது காரணம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், நல்ல மெஷின்களையும், பொறுமையையும் தருவானாக. பெரியவர்களுக்கு என் சலாம், சின்னவர்களுக்கு என் துஆ.

இப்படிக்கு,
நஜிமுதீன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் போன் வந்தது. "மச்சான், எம்மவன் கவனமில்லாம உங்க கடைய அழிச்சுப்புட்டானாமே, புனே பார்ட்டி போயிட்டாராமே, கடையிலேர்ந்து அவனுக்குப் போன் வந்துச்சாம், இன்னைக்குத்தான் என்கிட்ட சொன்னான், மன்னிச்சுக்கோங்க" என்று அழுகிற குரலில் சொன்னீர்கள். நான் சரி சரி என்று மட்டும் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். பிறகு பார்வதியம்மாளைக் கேட்டேன். தப்ரேஸ் கடையிலும் இத்தனை நாளாக, வருகிற போகிறவர்களிடம் "என் தப்புதான்" என்றுதான் சொல்லியிருக்கிறார். பார்வதியம்மாளும் அஸாருதீனும் திருத்தப் போனால் தடுத்திருக்கிறார். "பாய் பேரச் சொன்னா பார்ட்டி மதிக்கமாட்டாங்க அத்தை" என்றாராம். நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன் மச்சான், என் நஷ்டத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட ஒருத்தரை நான் பார்த்ததில்லை. மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை; உண்மை என்ன என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். முடிவை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி நானே போன் செய்தேன், இந்தத் தடவை நஜ்முன்னிசா பிடுங்கினாள், அவளிடமிருந்து ஜுவைரியா பிடுங்கினாள். பேசியது பேசியபடி இருக்கட்டும் என்று எழுதுகிறேன்: நிக்காஹ் நோன்பு முடிந்து ஷவ்வால் மாதம், செம்பூரில். மாப்பிள்ளைக்குக் கைக்கூலி கிடையாது. சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர், நீங்கள் மூன்று பவுன் என்றீர்கள், ஜுவைரியா ஏழு என்றாள். ஐந்தில் முடிந்தது, நிக்காஹ் அன்றே அவள் கையில்.