மெத்தை வண்டி நின்ற ஊரிலிருந்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மச்சான் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம், வண்டிக்குத்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். லாட்ஜ் முதலாளி பொறுமையாக இருக்கிறாரா என்பதை அறியவே எனக்கு அதிக ஆவல்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். என் போன் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. இந்த ஊர் சார்ஜர் எதுவும் அதன் வாய்க்குள் நுழையவில்லை. டீக்கடை அக்கா தன் போனைக் கொடுத்தார். வாங்கிய பிறகுதான் உங்கள் நம்பரில் ஓர் எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை என்று தெரிந்தது. உங்கள் கடை விலாசம் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆகவே சாயங்கால பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் லாட்ஜுக்கு ஓடுங்கள். நாளைக் காலையில் திறப்பு, அறை அறையாக வெறும் கட்டில்தான் கிடக்கிறது. இன்று ராத்திரிக்குள் நம் மெத்தை இறங்காவிட்டால் ஆர்டர் நம் போட்டிக்காரன் பஞ்சுமிட்டாய்க்குப் போய்விடும். அவன் மெத்தையில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் மெத்தையைக் காணோம் என்பதால்தான் அந்தப் பெயரை நானே அவனுக்கு வைத்தேன். நீங்கள் வாக்குக் கொடுத்துப் பிடித்த ஆர்டர். எதையாவது பேசி முதலாளியை உட்கார்த்தி வையுங்கள்.

நடந்தது என்னவென்றால், நேற்று ராத்திரி முழுக்க டிரைவர் கண் கொட்டாமல் ஓட்டினான், விடிந்ததும் “மொதலாளி, கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்” என்றான், “சரக்கை இறக்கிட்டுச் சாஞ்சுக்க” என்றேன், என் பேச்சை அவன் கேட்டான், வண்டி கேட்கவில்லை. மூடிக் கிடக்கிற ஒரு பெரிய பஞ்சாலையின் வாசலில் வந்து, முன்னால் புகையை விட்டுவிட்டு, இதுதான் நான் இறங்க வேண்டிய இடம் என்கிற மாதிரி நின்றுவிட்டது. ஆலை மூடிப் பல வருஷமாம். மூடும்போது ஊரையும் சேர்த்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. நீளமான தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது, மீதிக் கடைகள் இறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. காற்றில் துளித்துளியாகப் பஞ்சு மிதந்து வருகிறது. ஓடாத ஆலையிலிருந்து பஞ்சு எப்படி வரும் என்று கேட்டால், “அது வரும்” என்கிறார்கள். யாரும் உரக்கப் பேசுவதில்லை. சில பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அங்கங்கே வீட்டுத் தாழ்ப்பாளில் ஒரு சிவப்புத் துண்டு தொங்குகிறது.

“இது என்னக்கா துண்டு?” என்று டீக்கடையில் கேட்டேன்.

“உள்ள ஆள் தூங்குறாங்கன்னு அர்த்தம்ங்க. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவங்க பகல்லதானே தூங்கணும். துண்டு தொங்குனா தபால்காரர்கூடக் கதவைத் தட்ட மாட்டாரு.”

“ஆலைதான் மூடியாச்சே. இப்ப எங்க இருக்கு ஷிப்ட்?”

“ஆலைக்குப் பூட்டுப் போட்டா தூக்கத்துக்கும் பூட்டா? நல்லா கேட்டீங்க போங்க.”

மெக்கானிக் வந்தார். வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார், கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி. இன்ஜினுக்குப் போகிற தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது, அடியில் படுத்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். “தரை கொதிக்குதுங்க. ஒரு மெத்தை போட்டா சட்டுனு முடிச்சிருவேன்.” விற்கிற சரக்கை மண்ணில் போடுவதா என்று மறுத்தேன். அவர் தரையைப் பார்த்தார், நான் வெயிலைப் பார்த்தேன். கடைசியில் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்ற பேச்சோடு ஒன்றை இறக்கினேன். அடியில் போனார். குழாயைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்பானர் விழுகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்தால் மனிதர் தூங்குகிறார். நம் சரக்கின் தரம் அப்படி, அதை இந்த நேரத்திலா காட்ட வேண்டும்? ஹாரனில் கை வைத்தேன். தெருவே திரும்பி என் கையைப் பார்த்தது. அக்கா வந்து பம்பரில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார். “துண்டு கட்டியாச்சுங்க. இனிமே நானே நெனச்சாலும் எழுப்ப முடியாது.”

என்ன ஊர் மாப்பிள்ளை இது. நான் தலையில் மெத்தையைச் சுமந்து தெருத்தெருவாய்க் கூவி விற்று ஆளானவன். எல்லாரும் தூங்கும்போது முழித்திருந்ததுதான் என் முதல். இன்றைக்கும் கடைப் பலகையில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறேன். “ஊருக்கெல்லாம் தூக்கம் விக்கிற, உனக்கு ஒரு மெத்தை எடுத்துக்கக் கூடாதாண்ணே?” என்று தங்கச்சி கேட்காத நாள் இல்லை. சரக்கு விற்கத்தான், முதுகு வைக்க இல்லை. இப்போது வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவரையும் கண்ணயராதே என்று பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறேன், நின்றபடி ஆடுகிறான். இன்னொரு மெத்தையில் ஒரு விரல் பட விடமாட்டேன். மெக்கானிக் தானாக எழுந்த மறு நிமிஷம் கிளம்பிவிடுவோம். வெயில் தெருவில் பால் மாதிரி பரவிக் கிடக்கிறது. காகிதத்தில் பஞ்சு வந்து உட்காருகிறது, ஊதினால் போய்த் திரும்பி வருகிறது. எழுத்து சாய்ந்திருந்தால் தப்பாக நினைக்காதீர்கள், நான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். முதலாளியை விட்டுவிடாதீர்கள். தங்கச்சி நீடூழி வாழட்டும். பிள்ளைகள் உங்கள் நிதானத்தோடும் என் சுறுசுறுப்போடும் வளரட்டும்.

இப்படிக்கு,
சரக்குக்குக் கண் இமைக்காமல் காவல் இருக்கும்
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டுப் படியுங்கள் மாப்பிள்ளை. விடிந்துவிட்டது. ‘காவல்’ என்று எழுதியது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். மெக்கானிக் நேற்றுச் சாயங்காலமே எழுந்து குழாயை மாற்றிவிட்டாராம். நான் தூங்குகிறேன் என்று இன்ஜினைக்கூடப் போட்டுப் பார்க்காமல் நுனிக்காலில் வீட்டுக்குப் போயிருக்கிறார். பஸ் டிரைவரும் வந்தாராம். கடிதம் என் கைக்குள் இருந்ததாம், உருவினால் முழித்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டாராம். “ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாக்கா?” என்று சண்டைக்குப் போனேன். “வந்து வந்து பாத்தேங்க. சிரிச்சிக்கிட்டே தூங்குனீங்க. எப்படிங்க எழுப்புறது?” என்றார். சண்டை அதற்குமேல் வரவில்லை.

இந்நேரம் பஞ்சுமிட்டாயின் மெத்தை லாட்ஜில் இறங்கியிருக்கும். உங்கள் வாக்குக் கெட்டதற்கு முதலாளியிடம் நானே நேரில் வந்து தலை குனிகிறேன். அவரும் கொஞ்ச நாளில் முதுகைப் பிடித்துக்கொண்டு நம்மிடம்தான் வருவார். அன்றைக்கு நான் பேசுகிற பேச்சே வேறு. இத்தனை வருஷம் படுக்காமலே புகழ்ந்து விற்றிருக்கிறேன். தங்கச்சியிடம் மட்டும் உடனே சொல்லுங்கள், அண்ணன் தூங்கினான் என்று.

வண்டி தயார், இப்போதே கிளம்பலாம். ஆனால் டிரைவர் உறையைப் பிரித்துப் போட்டு இன்னொரு மெத்தையில் கிடக்கிறான், வாயைத் திறந்துகொண்டு. என் கால்மாட்டில் யாரோ கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து அவன் பக்கம் கட்டியிருக்கிறேன். இது காலை பஸ்ஸில் வருகிறது. நாங்கள் எப்போது வருவோம் என்பது அவன் எப்போது முழிக்கிறான் என்பதைப் பொறுத்தது.