பூகோளம் மாமாவும் வாய் திறக்காத சம்பந்திகளும்

வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள் ஐயா, இந்த அயல்நாட்டு நிபுணர்கள். பாஸ்போர்ட்கூட வேண்டியதில்லை. "அந்த நாட்டுக்காரங்க அப்படித்தான்" என்று அடித்துச் சொல்லத் தெரிந்தால் போதும், பட்டம் கிடைத்த மாதிரி.

நம்ம பூகோளம் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது எல்லோருக்கும் மறந்துபோச்சு. பயணச்சீட்டு போட்டுக் கொடுக்கும் ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்ட மனிதர், தான் ஏறியது ஒரே தடவை. வழியில் விமானம் மாற ஒரு நாட்டில் இறங்கினார். நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. அங்கே பெஞ்சில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். தீர்ந்தது! அந்த நாட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இருவரும் சண்டை போட்டிருக்கலாமே? ஒருவருக்குப் பல்வலியாக இருக்கலாமே? அதையெல்லாம் யோசித்தால் அவர் எப்படி நிபுணர்?

அவருடைய அக்கா மகள், தேடிப் பிடித்ததுபோல, அதே நாட்டுப் பையனைக் காதலித்தாள். பையனின் பெற்றோர் பெண் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் மாமா வந்து இறங்கிவிட்டார்.

"அக்கா, கட்டிப்பிடிச்சுடாதே, பதறிப்போயிடுவாங்க. சத்தமாச் சிரிக்காதே. குடும்பத்தைப் பத்திக் கேட்கவே கூடாது. முக்கியமா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கன்னு சொன்னியோ, அவமானமா எடுத்துப்பாங்க."

"அவரோட அம்மா போன்ல ஓயாமப் பேசுறாங்களே மாமா?" என்றாள் மகள்.

"போன் வேற, நேர் வேற. உனக்கென்ன தெரியும்?"

அக்கா பாவம். வீட்டுக்குள் பேசினால் தெருமுனையில் கேட்கும் தொண்டை. வந்தவர்களுக்கு வயிறு முட்டப் போடாவிட்டால் தூக்கம் வராது. ஆனாலும் தம்பி உலகம் தெரிந்தவன் அல்லவா? வாயை இறுக்கிக்கொண்டாள்.

வந்தார்கள். விமானத்தில் வந்து சேராத பெட்டியைக் கேட்கப் பையன் மறுபடி விமான நிலையத்துக்கு ஓடிவிட்டான். சம்பந்திகள் இரண்டு பேரும் சோபா நுனியில் உட்கார்ந்து, தட்டில் வைத்ததில் ஒரு வாய் எடுத்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் சுவர்க் கடிகாரம்தான் பேசியது.

"பார்த்தியா?" என்று மாமா அக்காவின் காதைக் கடித்தார். முகத்தில் அவ்வளவு பெருமை!

அக்கா மகளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "இந்த வீட்டுக்கா உன்னை அனுப்புறது? சிரிக்கக்கூடத் தெரியலையேடி. வேண்டாம் இந்தக் கல்யாணம்." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். பையனின் அம்மா! தண்ணீர் கேட்க வந்தவள், இவள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதுகொண்டே மகளிடம் படபடவென்று என்னவோ கொட்டித் தீர்த்தாள்.

"என்னடி சொல்றாங்க?"

"பசிக்குதாம், அம்மா!" மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இங்கே ரெண்டாவது வாய் எடுத்தா மட்டமா நினைப்பாங்க, பொம்பளைங்க முதல்ல பேசக் கூடாது, தொடக் கூடாதுன்னு அவங்க நாத்தனார் சொல்லி அனுப்பினாங்களாம். நம்ம வீட்டுல யாருமே சிரிக்கலையா, பையனை இங்கே கொடுக்கவே பயமா இருக்காம்."

அக்கா சட்டியை அப்படியே தூக்கிச் சமையலறை மேஜை நடுவில் வைத்து, "உட்காருங்க!" என்றாள், சொந்தக் குரலில்.

அந்தச் சத்தத்தில் மாமா ஓடிவந்தார். தட்டோடு பையனின் அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார். உள்ளே இரண்டு பெண்களும் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராயிருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். நிபுணரா வெட்கப்படுவார்?

"நான் அப்பவே சொல்லலை? அந்த நாட்டுக்காரங்க அடுப்படியிலதான் மனசைத் திறப்பாங்க!"

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அன்று மாமாவும் அந்த நாத்தனார் அம்மாளும், மொழிபெயர்க்கக் கல்யாணப் பெண்ணையே பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் நெடுநேரம் பேசினார்கள். எதைப் பற்றி? மூன்றாவது ஒரு நாட்டு ஜனங்களைப் பற்றி. ஒரு விஷயத்தில்கூடக் கருத்து வேற்றுமை இல்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு எந்த நாடு என்று நான் சொல்லவே இல்லையே! பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றதும், 'ஆமாம், அவங்க அப்படித்தான்' என்று தலையாட்டினீர்களே, யாரை நினைத்துக்கொண்டு?