பட்டியலில் இல்லாத சாவி

நடந்தவை, வரிசைப்படி:

1. வெள்ளிக்கிழமை காலை 10.09. எலுமிச்சம்பழ மூட்டைகள் ஏற்றி நின்ற சித்தப்பாவின் பிக்கப் வண்டியில் என் லேப்டாப்பை இணைத்தேன்.
2. 10.15. சித்தி நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தலா ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.
3. 10.24. வண்டி செத்தது.
4. 10.28. முன்பின் தெரியாத ஆறு பேர், உடம்பெல்லாம் எண்ணெயோடு, அதைத் தள்ளினார்கள்.
5. எலுமிச்சம்பழங்கள் மட்டும் குறித்த நேரத்தில் நசுங்கின.

ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங் படித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்தவள் நான். ஐந்துக்கும் காரணம் நானே என்பதைப் படித்தவளுக்குரிய துல்லியத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சித்தப்பா வீடு குற்றாலத்தில், அருவிக்குப் போகும் சாலையில். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றி, செங்கோட்டை வழியாக மலை ஏறி, புனலூரில் இறக்குவது அவர் தொழில். டர்போ வண்டிதான். ஆனாலும் முழுப் பாரத்தோடு ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே சித்தப்பாவின் பரம்பரையை விசாரிப்பார். அந்த வாரம் புனலூர் ஊறுகாய் முதலாளி ஒருவர் முதல்முறையாக லோடு கேட்டிருந்தார். பகல் ஒரு மணிக்குள் பழம் வந்தால் வாராவாரம் சித்தப்பாவுக்கு. வராவிட்டால் வேறு ஆள். அந்தக் கவலையில்தான் சித்தப்பா என்னிடம், வண்டிக்குக் கொஞ்சம் இழுவை கூட்ட முடியுமா என்று கேட்டார்.

(கேட்டிருக்கக் கூடாது. நான் மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.)

வழி இரண்டு. ஒன்று, பிக்கிபேக் டப்பா. சென்சாருக்கும் வண்டியின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுவது. டீசல் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதலாக டீசல் கொடுக்கும். வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கல்யாணப் பந்தியில் "காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல" என்று உட்கார்பவரின் தொழில்நுட்பம். மற்றது, ஃப்ளாஷ் டியூனிங். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நிரலையே மாற்றி எழுதுவது. டீசலையும் டர்போ தள்ளும் காற்றையும் பொய்யில்லாமல் ஒத்துப்போகச் செய்யலாம். எழுதி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை இடையில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சித்தி (கத்தரிக்காய் வாங்கும்போதும் இப்படித்தான்) நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டப்பா சரிப்படலன்னா கழத்திரலாமாட்டி?"

"கழத்திரலாம் சித்தி."

"மத்தது?"

"அது கழத்துற மாதிரி கிடையாது."

"அப்ப டப்பா போதும்."

ஃப்ளாஷ் டியூனிங்குக்கு எட்டு மதிப்பெண், டப்பாவுக்கு ஐந்துதான் என்று என் அட்டவணையைக் காட்டினேன். சித்தி தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். சித்தப்பா படித்த பிள்ளையை நம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை, முதல் லோடே புது வேகத்தில் மலை ஏற வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஸ்டியரிங்கில் ஒரு பட்டியல் ஒட்டினேன். தொடக்கூடாதவை: ஃபேன், லைட், ரேடியோ, ஹாரன், கதவு. பிறகு லேப்டாப்பை சீட்டில் ஓட விட்டுவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, டப்பாவின் நேர்மையின்மையைப் பற்றிச் சித்திக்குப் பாடம் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியாக வேண்டும். அந்தத் தெருவில் இது தெரியாத ஒரே ஜீவன் நான். சித்தப்பா மணியைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நான் ஆனில் விட்டிருந்த சாவியை ஒருமுறை திருப்பி அணைத்து, ஸ்டார்ட் செய்ய மறுபடி திருப்பினார். லேப்டாப் அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. வண்டி இருமக்கூட இல்லை.

"தொடாதீங்கன்னு எழுதியிருந்தேன்லா சித்தப்பா?"

"நீ எழுதினது அஞ்சு. அஞ்சுல ஒண்ணையும் தொடல. சாவியத்தான் திருப்புனேன்."

பட்டியலைப் படித்தேன். சாவி இல்லை. இரண்டாம் முறை படித்தேன். அப்போதும் இல்லை.

நான் பதறவில்லை. புதுப் பட்டியல் போட பேனா தேடினேன். அதற்குள் சித்தி நடுரோட்டுக்குப் போயிருந்தார். "வண்டி ஓடுதோ ஓடலையோ, பழம் நசுங்கணும்," என்று சொல்லி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன ஆறு சீசன்காரர்களை அழைத்து வந்தார். அவர்கள் தள்ளத் தள்ளக் கை வழுக்கியது. ஒருவர் வழுக்கிப்போய்க் கடைசியில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். (அன்று நான் செய்த ஒரே உருப்படியான எண் வேலை.) நான்கு பழமும் நசுங்கின. பத்தரைக்கு ஒரு நிமிடம் பாக்கி.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் கம்ப்யூட்டர் என்ற சொல்லையே கேட்டிராத பழைய வேன் ஒன்று இருந்தது. மூட்டைகளை அதில் மாற்றினோம். புனலூர் போய்ச் சேர மணி மூன்று. முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு பழத்தை அறுத்து, மோந்து பார்த்து, சரி என்று எடுத்துக்கொண்டாராம். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, பொய் சொல்லத் தெரியாத சித்தப்பா, "எங்க அண்ணன் மக வண்டிய சரி பண்ணுனா," என்றிருக்கிறார்.

வாராவார லோடு சித்தப்பாவுக்கே கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதலாளி போனில் மலையாளத்தில் முதலில் கேட்பது, "மோளு வீட்டிலுண்டோ?" உண்டு என்றால், "எங்கில் நாளெ மதி", அப்படியானால் நாளைக்குப் போதும் என்று லோடை மறுநாளைக்குத் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டில் இப்போது மிக்சி ரிப்பேரானாலும், நான் எழுந்தால் யாராவது ஒருவர் "நாளெ மதி" என்பார்கள்.

இன்றைய நிலை: திருநெல்வேலியில் மூன்று நாள் கிடந்து திரும்பிய கம்ப்யூட்டரில் பழைய நிரலே இருக்கிறது. கூடவே ஒரு டப்பா. தேர்ந்தெடுத்தது சித்தி, மாட்டியது நான். ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி மூன்றாவது கியரில் போகிறது. நான் ஊரில் இருக்கும் நாட்களில் அதன் சாவி சித்தியின் இடுப்பில் இருக்கும்.