பீப் மாமியும் லலிதா மாமியின் காபியும்

வலியசாலையில் எங்கள் தெருவில் எது கொதித்தாலும், எது நனைந்தாலும், எது திறந்தாலும் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் பீப் மாமிக்குத் தெரிந்துவிடும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி வீடு கேட்டால் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். கூரியர்காரர்கூட பீப் மாமி வீடு என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்.

மாமிக்கு ஐம்பது வயதிருக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. மகன் இன்ஜினியரிங் படித்தபோது ஒரு கிட் வாங்கியிருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் சின்னத் திரை, கீழே ஒரு பித்தான், உள்ளே பாட்டரி, வைஃபை. கூடவே சூடு பார்க்க, ஈரம் பார்க்க, அசைவு பார்க்க என்று குட்டிக் குட்டி சென்சார்கள். கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதி ஏற்றினால், சொன்னதைச் செய்துவிட்டு நம் போனுக்குச் செய்தி அனுப்பும். புதிதாக ஏதாவது கருவி செய்ய நினைப்பவர்கள் முதலில் இதில்தான் செய்து பார்ப்பார்களாம். மகன் பரீட்சை முடிந்ததும் அதை அலமாரியில் போட்டுவிட்டு பெங்களூருக்குப் போனான். மாமி அதை வெளியே எடுத்தார். எங்கள் தெருவின் நிம்மதி அன்றைக்குப் போனது.

முதலில் பால். அடுப்புக்குப் பக்கத்தில் சென்சாரைத் தொங்கவிட்டு, பால் பொங்குகிற சூடு வந்தால் பீப் அடிக்க வைத்தார். அது அடிக்கத்தான் செய்தது. மாமி பாலைச் சின்னத் தீயில் வைத்து, அணைக்க மறந்து ஆபீஸ் போய்விட்டதால் மேனேஜர் கூட்டிய மீட்டிங்கில், கைப்பைக்குள்ளிருந்து போன் அடித்தது. மாமி அங்கிருந்தே என் மனைவியைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாகச் சாவியை எடுத்து உள்ளே போய் கேஸை மூடச் சொன்னார். பாத்திரம் கரியாகியிருந்தது. "சாரமில்லை, போகட்டும். இது சும்மா ஒரு ட்ரயல் ஆக்கும்" என்றார் சாயங்காலம்.

அடுத்தது வடாம். மொட்டை மாடியில் உலர்த்திய வடாமுக்கு நடுவில் மழை சென்சாரை வைத்தார். ஒரு நாள் மாமி "மழை, மழை" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓட, எல்லா வீட்டிலும் கொடியில் கிடந்த துணியை அள்ளினோம். அள்ளிய பிறகுதான் வெயில் சுள்ளென்று அடிப்பது உறைத்தது. தண்ணீர்த் தொட்டியில் குளித்துவிட்டு வந்த காக்காய் ஒன்று சென்சார்மேல் நின்று சிறகை உதறியிருக்கிறது.

எதிர்வீட்டுச் சங்கரன் மாமாவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் ஆகாது. பூனை தாண்டினால்கூட மாமியின் வாசல் கேட் பீப் அடிக்கிறது, ஜபம் ஓடவில்லை என்று ரெசிடெண்ட்ஸ் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவர் மனைவி லலிதா மாமிதான் பீப் மாமியைப் பார்த்துச் சிரிப்பார். லலிதா மாமியின் வாய் ஓய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. காலையில் பால்காரரில் தொடங்கி ராத்திரி டிவி செய்தி வரைக்கும் எல்லோருக்கும் திட்டு உண்டு. அதிகப் பங்கு சங்கரன் மாமாவுக்கு.

அந்த லலிதா மாமிக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. பேச்சு இல்லை. கண் திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியாது. இடது கை விரல் மட்டும் லேசாக அசையும். பகலில் ஒரு ஹோம் நர்ஸ் வந்தார். சங்கரன் மாமா சமைக்கக் கற்றுக்கொண்டார். பார்க்கப் போகிறவர்களிடம், "அவளுக்கு ஒண்ணும் மனசிலாகல்லை, புரியலைன்னு தோணறது" என்று மெதுவாகச் சொல்வார்.

பீப் மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குள் போனார். மாமா தடுக்கவில்லை. கட்டில் கம்பியில் அந்தக் கிட்டை ரப்பர் பாண்டால் கட்டினார். திரையில் ஒவ்வொரு வார்த்தையாக வரும். வேண்டிய வார்த்தை வரும்போது விரலால் தொட்டால் அது மாமாவின் போனுக்குப் போகும். இதைச் செய்ய பீப் மாமி பட்ட பாடு எனக்குத் தெரியும். பித்தானை அமுக்க விரலுக்கு வலுப் போதாது என்று, தொட்டாலே போதுமானபடி ஒரு சின்னத் தகட்டை இணைத்தார். திரைக்குத் தமிழ் தெரியவில்லை, கட்டம் கட்டமாகக் காட்டியது. தன் கையாலேயே பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்துப் படமாக ஏற்றினார். தண்ணி, பசி, வலி, பாத்ரூம், வாங்கோ.

லலிதா மாமி எதையும் தொடவில்லை. திரை ஓடிக்கொண்டே இருந்தது. நாலைந்து நாள் பீப் மாமி ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துத் தகட்டில் வைத்துக் காட்டினார். விரலை விட்டால் அப்படியே கிடக்கும். கடைசியில் சங்கரன் மாமா சொன்னார்: "போறும். அவ இல்லைங்கறதை எத்தனை தடவை எனக்குக் காட்டுவே?"

மாமி கிட்டைக் கழற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் மனைவியிடம் கேட்டார். "லலிதா மாமி என்னிக்காவது யார்கிட்டயாவது 'தண்ணி கொடுங்கோ'ன்னு கேட்டு நீ பார்த்திருக்கியோ?"

என் மனைவி யோசித்துப் பார்த்தாள். இல்லை என்றாள்.

"நான் எழுதினது எல்லாம் நோயாளிக்கான வார்த்தை. மாமியோடது ஒண்ணுகூட இல்லை."

மறுநாள் புது வார்த்தைகளோடு கிட் மறுபடி கட்டில் கம்பியில் ஏறியது. டிவியை நிறுத்துங்கோ. ஜன்னலைத் திறங்கோ. காபி நன்னாயில்லை. சத்தம் போடாதேங்கோ. மாமா அதைப் படித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நானும் காய் வாங்கப் புறப்பட்டிருந்தேன். இருவரும் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தோம்.

வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் போன் பீப் அடித்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தவர், போனை என்னிடம் நீட்டினார். 'காபி நன்னாயில்லை' என்று இருந்தது.

நர்ஸ் துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்றார். ஆனாலும் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். தான் அடுக்களையில் இருந்ததாக நர்ஸ் சொன்னார். அப்படியென்றால் யார் தொட்டது என்று இவர் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். நர்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் பக்கம் கொண்டுபோனார் போலிருக்கிறது. இவர் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, "லலிதா, நீயா? நீதானா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

மறுபடி பீப். 'சத்தம் போடாதேங்கோ.'

சங்கரன் மாமா வெண்டைக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார், இவர் உட்காரவில்லை. போனைக் கையில் ஏந்தியபடி தெருவுக்குத் திரும்பினார். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், "கேட்டேளா, நான் போட்ட காபி நன்னாயில்லையாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பீப் மாமி வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் தெரு நடுவிலேயே நின்று மாமா கைகூப்பினார். மாமி அவசரமாக அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அதன் பிறகு லலிதா மாமி விட்டதையெல்லாம் சேர்த்துத் திட்டினார். வாராவாரம் புது வார்த்தைகள் கேட்டு வாங்கினார். பீப் மாமி ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல, அவர் கண்ணைச் சிமிட்டித் தேர்ந்தெடுப்பார். சாம்பாரில் உப்பு ஏறியது, வேஷ்டி அழுக்காக இருந்தது, மாமா ஷேவ் செய்துகொள்ளவில்லை. சில நாள் மாமாவின் போன் அடிப்பதைக் கேட்டு நாங்களும் எங்கள் வீட்டில் சிரித்துக்கொள்வோம்.

அடுத்த மழைக்காலத்தில் லலிதா மாமி காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு சங்கரன் மாமா கிட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வைத்துக்கொள்ளச் சொன்னார் பீப் மாமி. வேறு யாருக்காவது வேண்டியிருக்கும் என்று மாமா அதை மாமியின் கையில் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்த வார்த்தைகளை அழிக்க மாமிக்கு வெகு நாள் மனம் வரவில்லை. பிறகு கரமனையில் தொண்டை ஆபரேஷன் ஆன ஒருவருக்காக அழித்தார். இப்போது சனிக்கிழமைகளில் அப்படிச் சில வீடுகளுக்குப் போய்வருகிறார். போனதும் முதல் கேள்வி, "இவர் வாயைத் திறந்தா முதல்ல யாரைத் திட்டுவார்?" என்பதுதான். வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டு, பிறகு அழுவார்களாம்.

போன மாதம் எங்களுக்கு வேறு பக்கத்தில் ஒரு நல்ல ஃபிளாட் கிடைத்தது. லிஃப்ட் உண்டு, கார் நிறுத்த இடமுண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இதைவிட வசதியாக எங்கே கிடைக்கும் என்று புரோக்கர் கோபித்துக்கொண்டார். எதிரும் பக்கமும் பழகிய மனுஷர்கள் என்று மட்டும் சொன்னேன்; பீப் மாமி இல்லாத தெருவில் எங்களுக்கு இருக்கத் தெரியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.